ஆங்கில விலங்குப் பெயர்களை லாத்விய மொழியில் படிக்க எளிய வழி உண்டா?

உண்டு. ஆனால் நாய் என்றால் சுன்ஸ், ஓநாய் என்றால் வில்க்ஸ் என்று ஒருமையை மட்டும் உருப்போட்டால் முதல் வாக்கியத்திலேயே சிக்கிக்கொள்வீர்கள். ஒவ்வொரு பெயரோடும் அதன் பாலையும் பன்மையையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் டாக் (நாய்), பேர் (கரடி) என்றால் எஸ் சேர்த்தால் பன்மை. லாத்வியத்தில் அந்த ‘ஸ்’ பெரும்பாலும் ஆண்பால் ஒருமையின் ஈறு. அது பன்மையில் ‘இ’ ஆகும்: வில்க்ஸ், வில்கி. சிலவற்றில் மெய்யும் மாறும். கரடி லாட்ஸிஸ், கரடிகள் லாச்சி, நாய்கள் சுஞி. பலர் தவறுவது இங்கேதான். இவற்றைத் தனித்தாளில் எழுதி வைப்பது நல்லது.

பசு, மீன் இரண்டும் ஏமாற்றும். குவொவ்ஸ், ஸிவ்ஸ் என்று ‘ஸ்’ஸில் முடிந்தாலும் அவை பெண்பால், பன்மை குவொவிஸ், ஸிவிஸ்.

குட்டிகளுக்கு ஆங்கிலத்தில் கிட்டன் (பூனைக்குட்டி), கப் (கரடிக்குட்டி) எனத் தனித்தனிச் சொற்கள். லாத்வியத்தில் ‘ஏன்ஸ்’ என்ற விகுதி பலவற்றுக்குப் பொருந்தும்: கரடிக்குட்டி லாட்ஸேன்ஸ், ஓநாய்க்குட்டி வில்ட்ஸேன்ஸ். ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல; கன்றுக்குட்டிக்கு டெல்ஷ் என்று வேறு சொல்.

குறில் நெடிலில் கவனம் வேண்டும். கஸஸ் என்றால் ஆடுகள். காஸஸ் என்றால் கல்யாணம். தமிழ் பேசுபவருக்கு இந்த வேறுபாடு காதில் எளிதில் பிடிபடும். அழுத்தம் பெரும்பாலும் முதல் அசையில்தான். முதலில் பத்துப் பெயர்களை ஒருமை, பன்மை இரண்டிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்; பிறகு பட்டியலை நீட்டலாம்.