கண் திறந்தபடி உறங்கும் முயல்

கேள்வி: எங்களிடம் ஒன்றரை வயதுப் பெண் முயல் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து நான்கு மாதங்களாகியும் அது கண் மூடித் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை. பகலெல்லாம் மூலையில் அசையாமல் இருக்கிறது. விடியற்காலையில் கூண்டுக் கம்பியைக் கடித்து எங்களை எழுப்பிவிடுகிறது. இது நோயா? நம் நேரத்துக்கு அதைப் பழக்க முடியுமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் முயல் தூங்காமல் இல்லை, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்குகிறது. வீட்டு முயல்கள் அனைத்தும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. வேட்டையாடப்படும் விலங்கு என்பதால், முழுமையாக நம்பாத இடத்தில் முயல் கண்ணை மூடுவதில்லை. விழித்திருக்கும்போதுகூட அது மிக அரிதாகவே இமைக்கும்; எனவே கண்ணைப் பார்த்து உறக்கத்தைக் கணிக்க முடியாது. மூக்கைப் பாருங்கள். விழித்திருக்கும் முயலின் மூக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும்; உறக்கம் வர வர அந்தத் துடிப்பு மெதுவாகி, சில நேரம் நின்றே போகும், காதுகளும் தளர்ந்து முதுகோடு படியும்.

முயல் வைகறையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இயங்கும் விலங்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் உறங்கினாலும், அதைச் சிறுசிறு தூக்கங்களாகப் பகலிலும் நள்ளிரவிலும் பிரித்துக்கொள்கிறது. ஆகவே பகலில் மூலையில் ஒடுங்கியிருப்பது இயல்பே. அந்த ஓய்வுக்கிடையே அது குனிந்து, தன் ஆசனவாயிலிருந்தே மென்மையான, கொத்தாக வரும் ஒருவகைப் புழுக்கையைத் தின்பதைக் காண நேர்ந்தால் தடுக்காதீர்கள். குடலில் உருவாகும் பி வைட்டமின்களையும் புரதத்தையும் அது அப்படித்தான் பெறுகிறது. நம்பிக்கை வளர்ந்த பிறகு ஒருநாள் அது பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்து, பின்னங்கால்களை நீட்டி, வயிறு தெரியப் படுத்துக்கிடக்கும். பலர் இறந்துவிட்டதென்று பதறி வாரித் தூக்குகிறார்கள். விலாப்பகுதி ஏறி இறங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்தாலே போதும், ஏனெனில் திடுக்கிட்டு விழிக்கும் முயல் பின்னங்கால்களை உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

முயலை மல்லாக்கப் பிடித்து, அது அசைவற்றுக் கிடப்பதை 'தூங்க வைத்துவிட்டேன்' என்று காட்டும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அது உறக்கமல்ல, கொன்று தின்னும் விலங்கிடம் சிக்கியதும் உடல் விறைத்துப்போகும் அச்சநிலை. தயவுசெய்து அதை விளையாட்டாகச் செய்யாதீர்கள்.

ஓய்வையும் நோயையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி. உறங்கும் முயலின் உடல் தளர்ந்திருக்கும். வலியில் இருக்கும் முயல் முதுகைக் கூனி, கண்களைப் பாதி மூடி, வயிற்றைத் தரையில் அழுத்தி, பற்களை நறநறவென்று உரக்கக் கடிக்கும். (தடவிக்கொடுக்கும்போது மெல்ல எழும் பல்லொலி வேறு, அது நிம்மதியின் அடையாளம்.) ஐயம் வந்தால் அதற்கு மிகப் பிடித்த கீரையை மூக்கருகே நீட்டுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, புழுக்கைகள் சிறுத்தோ குறைந்தோ இருந்தாலோ காத்திருக்காதீர்கள். பன்னிரண்டு மணி நேரம் உண்ணாத முயலுக்குக் குடலியக்கம் நின்றுபோய் உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

விடியற்காலைச் சத்தத்தை அடியோடு நிறுத்த முடியாது, குறைக்க முடியும். மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் கூண்டுக்கு வெளியே ஓடவிடுங்கள். நீங்கள் படுக்கப்போகும் முன் உலர்புல்லை நிறைய வையுங்கள். இரவெல்லாம் விளக்கெரித்து அதன் பொழுதை மாற்ற முயல வேண்டாம். கூண்டைக் காற்றுப் புகாமல் மூடவும் வேண்டாம், முயல் வெப்பத்தைத் தாங்காது. கால் நீட்டிப் படுக்குமளவு அகலமாக, இரண்டு வாயில்களுடன் ஓர் அட்டைப்பெட்டியை உள்ளே வைத்தால், தப்பிக்க வழியிருக்கிறது என்ற தெம்பில் ஆழ்ந்து உறங்கும். கம்பியைக் கடித்ததும் எழுந்துபோய்த் தீனி போடுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். கடித்தால் உணவு வரும் என்பதை முயல் சில நாட்களிலேயே கற்றுக்கொள்ளும். காலைத் தீனியை அது சத்தமிடாமல் இருக்கும் வேளையில், நாள்தோறும் ஒரே நேரத்தில் கொடுங்கள்.