ரோமர் எட்டைத் தாண்ட என்ன அவசரம்?

கேள்வி: எங்கள் போதகர் ரோமர் நிருபத்தை ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. இன்னும் எட்டாம் அதிகாரத்தைத் தாண்டவில்லை. உண்மையுள்ள ஊழியர்தான், ஆனால் சபை வளரவில்லை. இளைஞர்கள் சிலர் வேறு சபைக்குப் போய்விட்டார்கள். வேகமாகப் போங்கள் என்று அவரிடம் சொல்வது தவறா?

பதில்: ரோமர் எட்டைத் தாண்ட உங்களுக்கு என்ன அவசரம்? கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று ஆரம்பித்து, தேவனுடைய அன்பை விட்டு எதுவும் நம்மைப் பிரிக்காது என்று முடிகிற அதிகாரம் அது. மரணப்படுக்கையில் இருக்கிற விசுவாசிகள் வாசிக்கச் சொல்லிக் கேட்கிற பகுதி. அங்கே ஒரு சபை கொஞ்ச காலம் தங்கியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இப்படிச் சொன்னதால் உங்கள் போதகரை முழுவதும் ஆதரிக்கிறேன் என்று எண்ணவேண்டாம். சீர்திருத்தப் போதனையைப் பின்பற்றுகிற இளம் போதகர்களிடம் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. லண்டன் போதகர் மார்ட்டின் லாயிட் ஜோன்ஸ் ரோமர் நிருபத்தில் பதின்மூன்று வருடம் பிரசங்கித்தார் என்று கேள்விப்பட்டதும் தாங்களும் அரை வசனத்துக்கு ஒரு பிரசங்கம் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். லாயிட் ஜோன்ஸ் அதை எப்போது செய்தார் என்று பார்ப்பதில்லை. 1955 முதல் 1968 வரை, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சாப்பலில், வெள்ளிக்கிழமை மாலைகளில் செய்தார். வேதத்தை ஆழமாகப் படிக்க விரும்பி வந்தவர்களுக்கான கூட்டம் அது. ஞாயிறு காலையில் விசுவாசிகளுக்கு வேறு பகுதி, ஞாயிறு மாலையில் மனந்திரும்பாதவர்களுக்குச் சுவிசேஷம். அவருடைய சபையார் வருடக்கணக்கில் ரோமரை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பதினான்காம் அதிகாரம் பதினேழாம் வசனத்தோடு அவர் நிறுத்தவேண்டியதாயிற்று. நோய் வந்தது, அந்த வருடமே ஓய்வு பெற்றார்.

பதினாறாம் நூற்றாண்டில் ஜெனீவாவில் சபைச் சீர்திருத்தத்தை நடத்திய கால்வினை எடுத்துக்கொள்ளுங்கள். யோபு முழுவதும் 159 பிரசங்கம், அதுவும் வாரநாட்களில். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கித்த எபேசியர் நிருபம் 48-இல் முடிந்தது. ஒவ்வொரு வசனத்தையும் விளக்கினார், ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தார். பவுலும் எபேசுவில் இருந்தது மூன்று வருடம்தான். அதற்குள் தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் அறிவித்தேன் என்று அந்தச் சபை மூப்பர்களிடம் அவரால் சொல்லமுடிந்தது. உங்கள் போதகர் நான்கு வருடத்தில் திரித்துவத்தைப் பற்றியும், பத்துக் கட்டளைகளைப் பற்றியும், திருவிருந்தைப் பற்றியும், ஜெபத்தைப் பற்றியும் உங்களுக்குப் போதித்திருக்கிறாரா? நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ஒரு நிருபத்தில் அவர் எத்தனை வருடம் இருந்தாலும் பரவாயில்லை; சபைக்கு முழுச்சத்தியமும் கிடைக்கவேண்டும்.

இதற்கு நம் முன்னோர் நல்ல வழி வைத்திருந்தார்கள். விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கிற, 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடையில் 129 கேள்விகள். அவற்றை வருடத்தின் 52 கர்த்தருடைய நாட்களுக்கு, அதாவது ஞாயிற்றுக்கிழமைகளுக்கு, பிரித்து வைத்தார்கள். காலையில் போதகர் வேதபுத்தகம் ஒன்றைத் தொடர்ந்து விளக்குவார். பிற்பகல் ஆராதனையில் வினாவிடையின் ஒரு பகுதியை எடுத்துப் பிரசங்கிப்பார். நெதர்லாந்தில் கூடிய டோர்ட் சங்கம் 1619-இல் இதைச் சபை ஒழுங்காகவே எழுதி வைத்தது. காலையில் ஒரு நிருபம் பல வருடம் இழுத்தாலும், பிற்பகலில் விசுவாசப்பிரமாணம், திருநியமங்கள், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த ஜெபம் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை சபையின் காதில் விழுந்துவிடும். பிள்ளைகள் வளர்ந்து வாலிபராவதற்குள் அதைப் பலமுறை கேட்டிருப்பார்கள்.

வினாவிடை என்று எழுதினாலே கடிதம் எழுதும் வாசகர்கள் இப்போதும் எழுதுவார்கள். வேதம் போதாதா, மனிதர் எழுதியது எதற்கு என்பார்கள். முன்பே பதில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். பிரசங்க மேடையில் நிற்கிற ஒவ்வொருவருடைய மனதிலும் ஒரு வினாவிடை இருக்கிறது. எழுதப்பட்டது என்றால் அதை வேதத்தோடு ஒப்பிட்டுச் சோதிக்கலாம். எழுதப்படாததை யார் எப்படிச் சோதிப்பது? வினாவிடையை ஒதுக்கிய சபைகளில் வேத அறிவு பெருகியிருந்தால் நானும் வாயை மூடிக்கொள்வேன். இருபது வருடம் சபைக்கு வந்தவர்களுக்கு நீதிமானாக்கப்படுதல் என்றால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்துப் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டர். இவர் பெயரை எடுத்தாலும் சிலருக்குக் கோபம் வரும். நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய அவருடைய போதனை கோணலானது. அதே காலத்து இறையியலாளர் ஜான் ஓவன் அவரை எதிர்த்து எழுதியது நியாயம். அந்த விஷயத்தில் நான் ஓவன் பக்கம். ஆனால் மந்தையை மேய்ப்பதில் பாக்ஸ்டரிடம் கற்றுக்கொள்ளாத போதகன் பெரிய நஷ்டம் அடைகிறான். கிட்டர்மின்ஸ்டர் என்ற ஊரில் அவருடைய பொறுப்பில் ஏறக்குறைய 800 குடும்பங்கள் இருந்தன. திங்களும் செவ்வாயும் காலையிலிருந்து ஏறக்குறைய இரவு வரைக்கும், வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்கள் என்று தனித்தனியாகப் பார்த்து, வினாவிடையைக் கேட்டு, ஆத்துமாவின் நிலையை விசாரித்தார். பிரசங்கத்தைப் பத்து வருடம் கேட்டும் பயனடையாத சிலர், அரைமணி நேரத் தனிப்பேச்சில் அதிகம் கற்று மனம் கசந்தார்கள் என்று 1656-இல் எழுதினார். இத்தனைக்கும் அவர் சாதாரணப் பிரசங்கி அல்ல. கூட்டம் தாங்காமல் சபைக் கட்டடத்துக்குள் ஆட்கள் உட்கார மேல்மாடங்கள் கட்டவேண்டியிருந்தது.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது இதுதான். நான்கு வருடப் பிரசங்கத்தைப் பற்றிச் சொன்னீர்கள். போதகர் உங்கள் வீட்டுக்கு எத்தனை முறை வந்தார் என்று ஒரு வார்த்தை இல்லை. மூப்பர்களைப் பற்றியும் இல்லை. சீர்திருத்த சபைகளில் மூப்பர்கள் ஆலோசனைக் கூட்டத்தில் உட்காருவதற்காக மட்டும் ஏற்பட்டவர்கள் அல்ல. 1541-இல் ஜெனீவாவின் சபை ஒழுங்கு, ஒவ்வொருவருடைய வாழ்க்கையையும் கவனித்து, தவறுகிறவர்களை அன்போடு எச்சரிப்பதை அவர்கள் வேலையாக வைத்தது. பவுலும் வெளியரங்கமாகவும் வீடுகள்தோறும் போதித்தேன் என்றுதான் சொன்னார். வாரம் முழுவதும் படிப்பறையில் இருந்துவிட்டு ஞாயிறு மட்டும் மேடையில் தெரிகிற மனிதர் சிறந்த விரிவுரையாளராக இருக்கலாம். ஆடுகளின் பெயர் தெரியாதவரை மேய்ப்பர் என்று அழைக்க எனக்கு மனமில்லை. மாறாக, உங்கள் போதகர் வீடுவீடாக வந்து கண்ணீரோடு உங்களுக்காக ஜெபிக்கிறவர் என்றால், ரோமரில் அவர் இன்னும் நான்கு வருடம் இருக்கட்டும், அவரை விட்டுப் போகாதீர்கள்.

சபை வளரவில்லை என்பதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் பெயர்பெற்ற போதகர் ஜொனத்தன் எட்வர்ட்ஸ் இருபது வருடத்துக்கு மேல் ஊழியம் செய்த நார்த்தாம்டன் சபை, திருவிருந்தில் யார் பங்குபெறலாம் என்ற விஷயத்தில் அவர் உறுதியாக நின்றதற்காக, 1750-இல் வாக்கெடுத்து அவரை அனுப்பிவிட்டது. உக்கிராணக்காரனிடத்தில் கர்த்தர் எதிர்பார்ப்பது உண்மை. எண்ணிக்கை அவர் கையில் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? போதகரிடம் பேசுவது தவறில்லை. தனியாக, மரியாதையோடு பேசுங்கள். வேகத்தைப் பற்றிப் பேசவேண்டாம். மாலை ஆராதனையில் வினாவிடையை ஆரம்பிக்கமுடியுமா என்று கேளுங்கள். போய்விட்ட இளைஞர்களை இதுவரை யாராவது தேடிப் போனார்களா என்றும் கேளுங்கள். யாரும் போகவில்லை என்றால், முதலில் யாருடைய வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு மூப்பரையும் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் கிளம்பும்போது நீங்களும் கூடப் போங்கள்.