அம்பேத்கர் தோற்ற தொகுதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஒரு கூட்டத்தில் பேசியவர், “1952-இல் அம்பேத்கரைப் பம்பாய் மக்களே நிராகரித்தார்கள், பட்டியல் சாதியினர்கூட அவரை ஏற்கவில்லை” என்றார். சங்கடமாக இருந்தது. ஆனால் பதில் சொல்ல என்னிடம் தகவல் இல்லை. தொகுதியின் பெயர் பம்பாய் நகர வடக்கு என்றார். இன்றைய பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லையே, அது என்ன ஆயிற்று?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்பேத்கர் தோற்றார் என்பது உண்மை. பட்டியல் சாதியினர் அவரை ஏற்கவில்லை என்பதற்கு அந்தத் தேர்தலில் எந்த ஆதாரமும் இல்லை. வாக்களித்தவர்கள் யார் என்று பார்த்தாலே இது விளங்கும்.

முதல் பொதுத் தேர்தலில் 401 தொகுதிகளிலிருந்து 489 பேர் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 86 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள். பம்பாய் நகர வடக்கு அவற்றில் ஒன்று. ஓர் இடம் பொது, மற்றது பட்டியல் சாதியினருக்கு. ஆனால் அந்த ஒதுக்கீட்டு இடத்துக்கும் வாக்களித்தது தொகுதியின் எல்லாச் சாதி, எல்லா மத வாக்காளர்களும்தான். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். வேட்பாளருக்கு ஒரு பெட்டி என்று சின்னம் ஒட்டி வைத்திருப்பார்கள், சீட்டைப் பெட்டியில் போட வேண்டியதுதான். ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டால் ஒன்று செல்லாது.

இந்து சட்ட மசோதாவை முன்னிட்டு அமைச்சர் பதவியை விட்டு விலகி, சில மாதங்களிலேயே இந்தத் தேர்தலைச் சந்தித்தார் அம்பேத்கர். அவருடைய கட்சிக்கும் சோஷலிஸ்டுகளுக்கும் உடன்பாடு: பொது இடத்துக்கு அசோக் மேத்தா, ஒதுக்கீட்டு இடத்துக்கு அம்பேத்கர். காங்கிரஸில் விட்டல் காந்தியும் நாராயண் கஜ்ரோல்கரும். கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து டாங்கே.

விட்டல் காந்தி 1,49,138 வாக்குகள் பெற்றார். மேத்தா 1,39,741. கஜ்ரோல்கர் 1,38,137. அம்பேத்கர் 1,23,576. டாங்கே 96,755. பொது இடத்தை விட்டல் காந்தியும், ஒதுக்கீட்டு இடத்தைக் கஜ்ரோல்கரும் வென்றார்கள்; மேத்தாவும் தோற்றார்.

அம்பேத்கர் தோற்றது 14,561 வாக்கு வித்தியாசத்தில். அவருக்கும் அவருடைய கூட்டாளி மேத்தாவுக்கும் உள்ள இடைவெளியோ 16,165. மேத்தா பெற்ற அளவு வாக்கு அம்பேத்கருக்கும் விழுந்திருந்தால் அவர் கஜ்ரோல்கரை முந்தியிருப்பார். சோஷலிஸ்ட் வாக்காளரில் ஒரு பகுதியினர் ஒரு சீட்டை மேத்தாவுக்குப் போட்டுவிட்டு, மற்றதை அம்பேத்கருக்குப் போட மனம் வராமல் நின்றுவிட்டார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன். காங்கிரஸிலும் காந்தியைவிடக் கஜ்ரோல்கருக்கு 11,001 வாக்கு குறைவு. இரு அணிகளிலும் வாக்கு குறைந்தது பட்டியல் சாதி வேட்பாளருக்குத்தான். யார் யாருக்குப் போட்டார் என்பதை எண்ணிக்கை காட்டாது, மொத்த வித்தியாசத்தைத்தான் காட்டும். ஆனாலும் இந்த ஒற்றுமையை என்னால் தற்செயல் என்று ஒதுக்க முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஒரே வேட்பாளருக்கு இரண்டு சீட்டையும் போடும்படி, அதாவது ஒன்றை வேண்டுமென்றே வீணாக்கும்படி, பிரசாரம் நடந்ததாக அம்பேத்கரும் மேத்தாவும் டாங்கேயின் தரப்பைக் குற்றம்சாட்டித் தேர்தல் வழக்குத் தொடுத்தார்கள். செல்லாமல் போன வாக்குகள் எழுபதாயிரத்துக்கும் மேல். வழக்கு தள்ளுபடியாயிற்று.

இந்தத் தோல்வியின் வேர் 1932-இல் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, மகாத்மா காந்தியின் உண்ணாவிரதத்தின் நெருக்கடியில், அம்பேத்கர் புனா ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தார். பதிலுக்குக் கூடுதல் இடங்களும், ஒரு முதற்கட்டத் தேர்தலும் கிடைத்தன. அந்த முதற்கட்டத்தில் தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களித்து நால்வரைத் தேர்வார்கள், அந்த நால்வரில் ஒருவரைத்தான் பொது வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க முடியும். சுதந்திர இந்தியாவின் தேர்தல் முறையில் அந்த முதற்கட்டம் இல்லை. ஒதுக்கீட்டு இடத்தை நிரப்பப்போவது பெரும்பான்மைச் சாதிகளின் வாக்குதான் என்று அவர் அஞ்சியது அவருடைய சொந்தத் தொகுதியிலேயே நடந்தது. 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலும் அவருக்குத் தோல்வியிலேயே முடிந்தது: பொது இடத்தில் மேத்தா வென்றார், ஒதுக்கீட்டு இடத்தில் அம்பேத்கர் தோற்றார். இதை அம்பேத்கரின் மக்கள் அவரைக் கைவிட்ட கதையாக மேடையில் சொல்வது அநியாயம்.

அடுத்து, தொகுதி என்ன ஆயிற்று என்ற கேள்வி. 1957-இல் பம்பாய் நகர வடக்கில் கிருஷ்ண மேனன் காங்கிரஸ் வேட்பாளராக வென்றார். ஐ.நா.வில் காஷ்மீர் பற்றி அவர் நிகழ்த்திய நெடும் பேச்சின் புகழ் அப்போது உச்சத்தில் இருந்தது. 1962-இல் எதிர்க்கட்சிகள் பல சேர்ந்து ஆதரித்த கிருபளானியைப் பெரும் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதே ஆண்டின் இறுதியில் சீனப் போர் மேனனின் பாதுகாப்பு அமைச்சர் பதவியைப் பறித்தது. இரட்டை உறுப்பினர் முறையை 1961-ஆம் ஆண்டுச் சட்டமே ஒழித்துவிட்டிருந்தது. 1967 தேர்தலுக்கு முன் நடந்த மறுவரையறையில் பம்பாய் நகர வடக்கு என்ற பெயரும் போயிற்று. காங்கிரஸ் டிக்கெட் மறுத்ததால் மேனன் வடகிழக்கு பம்பாயில் சுயேச்சையாக நின்று காங்கிரஸ் வேட்பாளர் பர்வேயிடம் தோற்றார். முந்தைய ஆண்டுதான் தோன்றியிருந்த சிவசேனை, தென்னிந்தியர் என்று அவருக்கு எதிராக வேலை செய்தது.

இன்னொரு தகவலையும் அந்தப் பேச்சாளரிடம் சொல்லுங்கள். 1957-இல், அம்பேத்கர் மறைந்த சில மாதங்களில், பக்கத்துத் தொகுதியான பம்பாய் நகர மத்தியில் பொது இடத்தை டாங்கேயும், ஒதுக்கீட்டு இடத்தை அம்பேத்கர் கட்சியின் ஜி. கே. மானேயும் வென்றார்கள். மராத்தி பேசுவோருக்குத் தனி மாநிலம் கோரிய கூட்டணியான சம்யுக்த மகாராஷ்டிர சமிதியில் இரு கட்சிகளும் சேர்ந்து நின்றன. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டு அமைந்திருந்தால், அம்பேத்கர் முதல் மக்களவையில் இருந்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.