முழு வால்யூமையும் டேப்பிலிருந்து மீட்பது எப்படி?

கேள்வி: எங்கள் நெட்ஆப் ஃபைலரில் (கோப்புகளைச் சேமித்து வலையமைப்பில் பகிரும் சாதனம்) ஒரு வால்யூமை (அதன் சேமிப்புப் பகுதி ஒன்றை)த் தவறுதலாக நாங்களே நீக்கிவிட்டோம். ஞாயிறன்று எடுத்த லெவல் 0 (முழு நகல்), புதனன்று எடுத்த லெவல் 1, வியாழனும் வெள்ளியும் எடுத்த லெவல் 2 என நான்கு டம்ப்கள் (காப்பு நகல்கள்) டேப்பில் உள்ளன. நான்கையும் ஏற்ற வேண்டுமா?

பதில்: மூன்று போதும். தன்னைவிடக் குறைந்த லெவலில் கடைசியாக எடுத்த டம்ப்புக்குப் பிறகு மாறியவற்றையே ஒரு டம்ப் சேமிக்கிறது. புதன்கிழமைக்குப் பின் மாறிய அனைத்தும் வெள்ளிக்கிழமை டேப்பில் இருப்பதால் வியாழக்கிழமை டேப்பை விட்டுவிடலாம். ஞாயிறு, புதன், வெள்ளி என்ற வரிசை மட்டும் பிறழக் கூடாது.

முதலில், பழையதைவிடச் சிறிதல்லாத வெற்று வால்யூம் ஒன்றை உருவாக்குங்கள். பலர் கொள்ளளவைப் பார்க்கிறார்கள், ஐனோட் (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு) எண்ணிக்கையை மறந்துவிடுகிறார்கள். சின்னஞ்சிறு கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்த வால்யூம் என்றால், இடம் மீதமிருக்கும்போதே ஐனோட் தீர்ந்து மீட்பு பாதியில் நின்றுவிடும் என்பதால், கோப்புகளின் உச்ச வரம்பை முன்னதாகவே உயர்த்திவிடுங்கள். வால்யூமின் அந்தந்த நேரத்து நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்களின் அட்டவணையையும் நிறுத்தி வையுங்கள். இல்லையெனில், அடுத்தடுத்த டேப்கள் அழிக்கும் கோப்புகளின் பழைய பிளாக்குகளை ஸ்னாப்ஷாட் விடாமல் வைத்துக்கொண்டு இடத்தை அடைத்துவிடும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதுதான்: லெவல் 0 ஏறி முடிந்ததும் ‘ரெஸ்டோர்_சிம்பல்டேபிள்’ என்றொரு கோப்பு வால்யூமில் தோன்றும். தேவையற்றது போலத் தெரிந்தாலும், அடுத்த டேப்கள் எதன்மேல் எதைச் சேர்ப்பது என்பதை அறிந்துகொள்வது அதை வைத்துத்தான். அதை இடையில் அழித்துவிட்டால் லெவல் 0-இலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதுதான். கடைசி டேப்பும் ஏறிய பிறகே நீக்குங்கள்.

கோப்புகளும் அவற்றின் அனுமதிகளும் டேப்பிலிருந்து திரும்பிவிடும். ஆனால் வால்யூமை மற்ற கணினிகளுடன் பகிர்வதற்கான ஷேர், எக்ஸ்போர்ட் அமைப்புகள் ஃபைலரின் உள்ளமைவைச் சேர்ந்தவை என்பதால், அவற்றை நீங்களே மறுபடி அமைக்க வேண்டும். பழைய ஸ்னாப்ஷாட்களும் டம்ப்பில் வருவதில்லை.

இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால், டேப்பைத் தொடும் முன் வால்யூம் மீட்பு வரிசையைப் பாருங்கள். நெட்ஆப்பின் இயங்குதளமான ஆன்டாப்பின் 8.3 முதலான பதிப்புகளில், நீக்கிய வால்யூம் இயல்பாக 12 மணி நேரம் அங்கே காத்திருக்கும்.