டிரங்குப் பெட்டியில் நானூறு கார்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். அந்தக் காலத்தில் வீடுகளில் வரும் தபாலை வளைந்த கம்பியில் குத்தி மாட்டி வைப்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். கும்பகோணம் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே முழுக்கத் தபால் கார்டுகள், நானூறுக்கு மேல் இருக்கும். அதில் அறுபது எழுபது படக் கார்டுகள்: பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, பழைய மெட்ராஸ். தாத்தா 1930களிலிருந்து பினாங்கில் வேலை பார்த்தார், அங்கிருந்து பாட்டிக்கும் தம்பிக்கும் அனுப்பியவை. மீதியெல்லாம் சாதாரண கார்டுகள், சொந்தக்காரர்கள் எழுதியது. பலதில் நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துருக்கறை.

படக் கார்டுகளை லேமினேட் செய்து ஹாலில் மாட்டிவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். சாதா கார்டெல்லாம் "நலம், நலமறிய ஆவல்" என்று ஒரே மாதிரிதானே இருக்கிறது, ஸ்கேன் செய்துவிட்டுத் தூக்கிப் போடலாம் என்கிறான் மகன். ஒரு கார்டில் நாலு மூலையிலும் கறுப்பு மை தடவியிருக்கிறது. அதை வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்று அம்மா ஒரே பிடிவாதம். நாங்கள் இருப்பது வேளச்சேரியில், மூன்றாவது மாடி. ஆல்பமா, பெட்டியா, சுவரா? எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

— ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் லேமினேஷனை நிறுத்துங்கள். மற்றதையெல்லாம் மெதுவாகச் செய்யலாம், இது ஒன்றுதான் அவசரம். பிளாஸ்டிக் தாளில் பூசியிருக்கும் பசையைச் சூட்டில் உருக்கிக் காகிதத்தோடு ஒட்டுவதுதான் லேமினேஷன். ஒட்டியது ஒட்டியதுதான். பின்னால் பிரிக்கப் பார்த்தால் கார்டின் மேல்தோலும் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். படக் கார்டுகளில் சில நிஜ போட்டோ பேப்பரில் எடுத்தவையாக இருக்கலாம், அவற்றின் மேல் ஜெலட்டின் படலம் இருக்கும், அந்தச் சூட்டை அது தாங்காது. ரேஷன் கார்டுக்கும் மார்க் ஷீட்டுக்கும் செய்து பழகிய கை நமக்கு, எதைப் பார்த்தாலும் அந்த மெஷினுக்குள் விடத் தோன்றுகிறது. அவரிடம் சண்டை போட வேண்டாம், சுவரில் மாட்ட வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

உங்கள் மகன் கணக்கைத்தான் நான் தலைகீழாகப் போடுவேன். படக் கார்டு அழகாக இருக்கிறது, ஆனால் அது ஆயிரக்கணக்கில் அச்சானது. மெட்ராஸில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் க்ளைன் ஸ்டூடியோ, கொழும்பில் ப்ளாட்டே என்று பலர் படக் கார்டு போட்டு விற்றார்கள், அந்தக் கால கார்டுகளில் நிறைய ஜெர்மனியில் அச்சடித்து வந்தவை. சேகரிப்பாளர்களிடம் இருக்கிறது, ஏலத்துக்கு வருகிறது, 2018இல் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தில் மெட்ராஸ், பெங்களூர் படக் கார்டுகளை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். உங்கள் பெட்டியில் இருக்கும் மவுண்ட் ரோடு படம் தொலைந்தாலும் அதே படம் எங்கேயோ பத்திரமாக இருக்கும். மாயவரத்திலிருந்து ஓர் அத்தை எழுதிய சாதா கார்டு உங்கள் டிரங்குப் பெட்டியைத் தவிர வேறெங்கும் கிடையாது.

ஒரே மாதிரி இருக்கிறது என்பது முதல் இரண்டு வரிக்குத்தான் பொருந்தும். மேலே பிள்ளையார் சுழி, க்ஷேமம், நலமறிய ஆவல், அதைத் தாண்டி "இப்பவும்" என்று ஆரம்பிக்கிற இடத்திலிருந்து படியுங்கள். இடம் தீர்ந்த பிறகு கார்டைத் திருப்பிப் பிடித்து ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்களே, அதை விடவே விடாதீர்கள். பசு கன்று போட்டதும், சின்னவளுக்கு ஜாதகம் வந்திருப்பதும், முப்பது ரூபாய் மணியார்டர் வந்து சேராததும் அங்கேதான் இருக்கும். கார்டு என்பது தபால்காரர் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை யாரும் படிக்கக்கூடியது. அது தெரிந்துதான் எழுதினார்கள். "அந்த விஷயம் நல்லபடியாக முடிந்தது, மற்றவை நேரில்" என்று ஒரு வரி இருக்கும். எந்த விஷயம் என்பது இன்றைக்கு உங்கள் அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். அதனால் ஆல்பம் வாங்கக் கடைக்குப் போகும் முன் அம்மாவோடு உட்காருங்கள். ஒரு நாளைக்குப் பத்து கார்டு போதும், வாசித்துக் காட்டுங்கள், அவர் சொல்வதை போனில் பதிவு செய்யுங்கள். கண்ணாடியைத் தேடச் சொல்லி அவரைப் படிக்க வைக்க வேண்டாம், கேட்டுக்கொண்டு பேசினால்தான் கதை வரும்.

அடுக்குவது எப்படி என்பதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: படத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். எழுதியவரை வைத்துப் பிரியுங்கள், அவருக்குள் தேதி வாரியாக அடுக்குங்கள். ஊர் வாரியாகப் பினாங்கு ஒரு கட்டு, கொழும்பு ஒரு கட்டு என்று போட்டால் சுற்றுலா ஆல்பம்தான் கிடைக்கும். தாத்தா எழுதியதை எல்லாம், படம் உள்ளதும் இல்லாததும், ஒன்றாகத் தேதிப்படி வைத்துப் பாருங்கள். 1941 கடைசி வரை வந்துகொண்டிருந்த கார்டு சட்டென்று நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த டிசம்பரில் ஜப்பான்காரர்கள் பினாங்கைப் பிடித்தார்கள், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்தது, 1945இல் போர் முடியும்வரை மலாயாவிலிருந்து சாதாரணத் தபாலுக்கு வழியில்லை. அத்தனை காலம் பாட்டி எதை வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்று அம்மாவைக் கேளுங்கள். மறுபடி வந்த முதல் கார்டு எது என்று தேடுங்கள். ஊர்வாரிக் கட்டில் இந்த இடைவெளி கண்ணிலேயே படாது.

தேதிதான் கொஞ்சம் வேலை வாங்கும். நம் பெரியவர்கள் பலர் ஆங்கிலத் தேதி போட மாட்டார்கள், "விரோதிகிருது வருஷம் ஐப்பசி 14" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால் அது 1911ஆகவும் இருக்கலாம், 1971ஆகவும் இருக்கலாம். அச்சிட்ட தபால்தலையில் ராஜா தலை இருந்தால் முதலாவது, பைசாவில் விலை இருந்தால் இரண்டாவது. இப்படிச் சின்னச் சின்ன அடையாளம் நிறைய உண்டு. 1957 ஏப்ரலுக்கு முன் அணா, அதன் பிறகு நயா பைசா, 1964 ஜூனோடு "நயா" போய்விட்டது. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15, ஆகவே விலாசத்தில் பின்கோடு இருந்தால் அதற்கு முந்தைய கார்டாக இருக்க முடியாது. புலித்தலை போட்ட 15 பைசா கார்டு எங்கள் தலைமுறைக்கு மறக்காது. முத்திரை இரண்டு இருக்கும், போட்ட ஊரில் ஒன்று, வந்து சேர்ந்த ஊரில் ஒன்று. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பாதி கார்டுகளுக்காவது தேதி கிடைத்துவிடும். படக் கார்டில் பின்பக்கம் நடுக்கோடு இல்லாமல் விலாசத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தால் மிகப் பழசு. செய்தியும் விலாசமும் ஒரே பக்கத்தில் எழுத பிரிட்டனில் 1902இல்தான் அனுமதித்தார்கள், அமெரிக்காவில் 1907இல்.

எண் போட பேனா வேண்டாம். 2பி பென்சில், விலாசப் பக்கத்தின் ஒரு மூலையில், அழுத்தாமல். கட்டியிருக்கும் ரப்பர் பேண்டை எடுத்துவிடுங்கள், இளகிப் போய்க் காகிதத்தில் ஒட்டியிருக்கும். ஜெம் கிளிப் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காமல், கீழே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி நகர்த்துங்கள். கம்பி குத்திய ஓட்டையையும் துருவையும் அப்படியே விடுங்கள், அதுவும் அந்தக் கார்டின் சரித்திரம்தான். மஞ்சள் தடவிய மூலைகளையும் துடைக்க வேண்டாம். ஈரத்துணி பக்கத்திலேயே வரக்கூடாது. பேனா மை கரையும் என்பது தெரிந்ததுதான், ஆனால் பென்சில் போலத் தெரிகிற சில எழுத்துகள் காப்பிங் பென்சிலில் எழுதியவை, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதாவாக இளகிவிடும்.

ஸ்கேன் கட்டாயம் எடுங்கள், இரண்டு பக்கமும், 600 டிபிஐயில். போனில் எடுத்தால் காகிதத்தை வெள்ளையாக்கிக் காட்டுகிற வசதியை அணைத்துவிடுங்கள், அது பென்சில் எழுத்தையும் மங்கிய முத்திரையையும் சேர்த்துத் துடைத்துவிடும். கோப்புப் பெயரில் வருஷத்தை முதலில் போடுங்கள், தானாக வரிசையாகிவிடும். வாட்ஸப்பில் அனுப்பிச் சேமிப்பது சேமிப்பு ஆகாது, படம் சுருங்கிவிடும்.

சரி, பெட்டி. ஃபேன்சி கடைகளில் கிடைக்கிற, பக்கமே ஒட்டிக்கொள்ளும் போட்டோ ஆல்பம் வேண்டாம், சில வருஷத்தில் அந்தப் பசை மஞ்சளாகிக் கார்டை விடாது. பிளாஸ்டிக் உறை போடலாம், ஆனால் எந்த பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். பிரித்ததும் புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பி.வி.சி., நாளாக நாளாக அதிலிருந்து கசிவது மையையும் காகிதத்தையும் கெடுக்கும். பாலிப்ராப்பிலீன் என்றால் நல்லது. டப்பா வாங்கினால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும், 3 என்றிருந்தால் பி.வி.சி. உறையின் ஒரு பக்கம் திறந்தே இருக்கட்டும். கார்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நீளவாட்டில் நிறுத்தி வையுங்கள். நம் சர்க்கார் கார்டு 14 செ.மீ.க்கு 9 செ.மீ., ஷூ டப்பா அளவுள்ள எதிலும் நன்றாக நிற்கும். ஆளுக்கு ஆள் நடுவில் ஓர் அட்டை, அதில் பெயரும் உறவும்.

உங்கள் ஊரில் எதிரி ஈரம்தான். காகிதத்துக்கு 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள், சென்னையில் வருஷத்தில் பாதி நாள் 70ஐத் தாண்டும். ஏசியை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், ராத்திரி போட்டுப் பகலில் அணைப்பதால் வரும் ஏற்ற இறக்கம் இன்னும் மோசம். வீட்டின் உள்ளறையில், வெளிச்சுவரைத் தொடாத ஸ்டீல் பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள். உங்களுக்கு மேலே மொட்டை மாடி என்றால் பரண் கூடவே கூடாது, கொதிக்கும். (2015 டிசம்பரில் வேளச்சேரித் தரைத்தளங்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் மூன்றாவது மாடி உங்களுக்கு ஆறுதல்தான்.) பெட்டியை மூடுவது பங்குனி, சித்திரையில் காய்ந்த ஒரு நாளாக இருக்கட்டும். ஐப்பசி அடைமழையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டுகிறீர்கள், பூஞ்சணம் வந்துவிடும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். நீல நிற மணிகளைச் சமையல் பாத்திரத்தில் வறுத்துக் காயவைக்க வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கிறது. அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளையே இளக வைக்கும். வேப்பிலை போடச் சொல்வார்கள், பச்சையாகப் போட்டால் அதுவே ஈரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஈடான மருந்து கிடையாது. காற்றாட வைப்பதென்றால் நிழலில், வடாம் மாதிரி மாடி வெயிலில் பரப்பிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் சுவர். நல்ல கலர் பிரிண்ட் எடுத்து மாட்டட்டும், அசல் பெட்டியில் இருக்கட்டும். மங்கிய எழுத்து வெளிச்சத்தில் இன்னும் மங்கும், போன மை திரும்ப வராது. பிரிண்ட் என்றால் பெரிதாக்கிக்கொள்ளலாம், வெயில் அடித்தாலும் கவலையில்லை, சமையலறைப் பக்கம்கூட மாட்டலாம். நான் என்றால் படத்தையும் அதன் எழுத்துப் பக்கத்தையும் ஒரே ஃப்ரேமில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பேன். பினாங்கு ரயில் மலை ஏறுகிற படத்துக்குப் பக்கத்தில் "சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன்" என்ற கையெழுத்து இருந்தால்தான் வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அசலையே ஒன்றிரண்டு மாட்டியாக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால் ஜன்னல் எதிரிலும் பூஜை அறையிலும் வேண்டாம், விளக்குப் புகையும் கற்பூரமும் படியும். ஃப்ரேம் கடைக்காரர் பழக்க தோஷத்தில் பின்னால் பசை தடவிவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள். நாலு மூலைக்கும் காகிதப் பை செய்து அதில் செருகச் சொல்லுங்கள், கண்ணாடி கார்டைத் தொடாமல் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை இறக்கிவிட்டு வேறு ஒன்றை ஏற்றுங்கள்.

கடைசியாக அந்தக் கறுப்பு மூலை கார்டு. சாவுச் செய்தி வந்தால் படித்ததும் கிழித்துப் போடுவதுதான் வழக்கம், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். உங்கள் அப்பா வழக்கத்தை மீறி வைத்திருக்கிறார் என்றால் காரணம் இருக்கும். யார் போனது, எந்த வருஷம் என்று அம்மாவிடம் ஒருமுறை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆவணம், சரித்திரம் என்றெல்லாம் பேசி எழுபது வயதைத் தாண்டியவரைச் சங்கடப்படுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டு, கார்டை உங்கள் அலுவலக மேஜையிலோ, ஒத்துக்கொள்கிற ஒரு பங்காளி வீட்டிலோ தனி உறையில் வையுங்கள். அம்மாவிடம் வீட்டில் இல்லை என்று சொன்னால் பொய்யும் ஆகாது. மற்ற கார்டுகளை அவரோடு வாசிக்கும்போது அவரே அதைக் கேட்டால் கொண்டுவந்து காட்டுங்கள்.

உறவுக்காரர்களிடம் விஷயம் பரவியதும் எங்கள் அப்பா எழுதியதைக் கொடு என்று கேட்டு வருவார்கள். ஸ்கேன் முடியும்வரை ஒன்றையும் கொடுக்காதீர்கள், முடிந்த பிறகு தாராளமாகக் கொடுங்கள்.

அன்புடன்.