ஊசியை மட்டும் மாற்றினால் போதுமா, கேட்ரிஜையே மாற்ற வேண்டுமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: தாத்தா விட்டுச் சென்ற இசைத்தட்டுகளைக் கேட்பதற்காக ஒரு டர்ன்டேபிள் வாங்கினார். அதோடு வந்தது ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கேட்ரிஜ், அதாவது ஊசியைத் தாங்கும் தலைப்பகுதி. ஒன்றரை ஆண்டாக ஓடுகிறது. இப்போது 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் சீறுகிறது, தட்டின் கடைசிப் பாட்டில் இன்னும் மோசம். ஊசியை மாற்றுவதா, கேட்ரிஜையா, இல்லை டர்ன்டேபிளையேவா?

ஊசிதான். மற்றதைத் தொடாதீர்கள். இந்த விஷயத்தில் தேவையில்லாமல் பணத்தைக் கரைத்தவன் என்ற தகுதியில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கேட்ரிஜ் இரண்டு துண்டாகப் பிரியும். மேலே இருப்பது, டர்ன்டேபிள் கையின் நுனியான ஹெட்ஷெல்லோடு இரண்டு திருகாணிகளால் பிணைத்த கறுப்பு உடல். அதற்குள் செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. கீழே ஒரு பச்சைப் பிளாஸ்டிக் துண்டு. அதில் மயிரிழையை விடப் பருத்த அலுமினியக் குழாய், அதன் நுனியில் வைரம், மறுமுனையில் காந்தம், ஏந்திப் பிடிக்க ஒரு ரப்பர் வளையம். தட்டின் பள்ளம் வைரத்தை ஆட்ட, காந்தமும் ஆட, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இதில் தேய்வது வைரம், இறுகிப்போவது ரப்பர். இரண்டும் பச்சைத் துண்டில்தான் இருக்கின்றன. சுருளுக்குத் தேய்மானம் என்று ஒன்று கிடையாது. பச்சைத் துண்டைக் கழற்றிப் புதியதைச் செருகினால் உங்களிடம் இருப்பது புதுக் கேட்ரிஜ்தான்.

வைரம் தேயுமா என்று கேட்பவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால் ஊசி கடப்பது 400 மீட்டருக்கு மேல். விளையாட்டரங்கில் ஒரு முழுச் சுற்று. 300 மணி நேரத்துக்கு அது 380 கிலோமீட்டரைத் தாண்டும். உட்லண்ட்ஸில் பாலம் ஏறி, வழியெல்லாம் உரசிக்கொண்டே கோலாலம்பூர் போய், அதற்கப்பாலும் கொஞ்சம் போன மாதிரி. உங்களுடையது போன்ற நீள்வட்ட முனைக்கு ஆடியோ-டெக்னிகா சொல்லும் ஆயுளே ஏறத்தாழ 300 மணி நேரம்தான். நாளுக்கு ஒரு மணி நேரம் கேட்டிருந்தாலும் ஒன்றரை ஆண்டில் 500-ஐத் தாண்டியிருப்பீர்கள். தேய்ந்த வைரம் மழுங்குவதில்லை. இரண்டு பக்கமும் பட்டை விழுந்து உளி போலாகிவிடுகிறது. அது பாடும்போதே பள்ளத்தைச் செதுக்கும். தாத்தாவின் தட்டுகளுக்கு இரண்டாம் பிரதி கிடைக்காது என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆனாலும் வாங்குவதற்கு முன் ஒருமுறை ஊசியைப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே சீறல் வந்தது. யோசிக்காமல் புது ஊசி வாங்கி மாட்டினேன், சீறல் போயிற்று. பழையதை எறியப் போகும்போது மகளின் உருப்பெருக்கிக் கண்ணாடி மேசையில் கிடந்தது. சும்மா வைத்துப் பார்த்தேன். வைரமே தெரியவில்லை. எறும்பு வெல்லக்கட்டியைத் தூக்கிக்கொண்டு போவது போல, குழாயின் நுனியில் பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டை. பழைய உறைகளின் காகிதத் தூள், பூஞ்சை, எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியின் பிசுக்கு எல்லாம் சேர்ந்து இறுகியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி மாட்டினேன். 'கெட்டுப்போன' அந்த ஊசி மேலும் எட்டு மாதம் நன்றாகப் பாடியது.

துடைக்கும் விதம்: மெல்லிய தூரிகையால் பின்னாலிருந்து முன்னோக்கி மட்டும், அதாவது தட்டு சுழலும் திசையில். முன்னாலிருந்து பின்னோக்கியோ பக்கவாட்டிலோ இழுத்தால் குழாய் வளைந்துவிடும். இறுகிய அழுக்குக்கு, பேரங்காடியில் சுவர்க்கறை துடைக்க விற்கும் வெள்ளை மெலமின் பஞ்சு போதும். சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, நின்றுகொண்டிருக்கும் தட்டுமேடையில் வைத்து, டர்ன்டேபிளின் கையை இறக்கும் நெம்புகோலால் ஊசியை நேராக இறக்கி நேராகத் தூக்குங்கள். இரண்டு மூன்று முறை போதும். ஆல்கஹால் வேண்டாம். வைரத்தைப் பிடித்திருக்கும் பசையையும் அந்த ரப்பரையும் அது கெடுக்கக்கூடும். விரலால் தடவிப் பார்ப்பவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது, ஊசி தட்டை அழுத்தும் பாரம். எங்கள் அப்பா, வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒரே பெட்டியில் இருந்த ரேடியோகிராமின் ஊசித் தலையில் ஐந்து காசு நாணயத்தை ஒட்டிவைத்திருந்தார். தட்டு தாவினால் பாரம் ஏற்று என்பது அந்தக் காலத்து வைத்தியம். அதைப் பார்த்து வளர்ந்ததால், நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன்: பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று நினைத்து 1.5 கிராமில் வைத்தேன். அதுவும் பிழை. பாரம் போதாத ஊசி பள்ளத்தின் சுவரில் ஒட்டி ஓடாது. உரத்த இடங்களில் துள்ளித் துள்ளி விழும், விழுந்த இடத்தில் காயம். விஎம்95இ-க்கு 1.8 முதல் 2.2 கிராம் வரை, சரியான அளவு 2.0. டர்ன்டேபிள் கையில் இருக்கும் எண் வளையத்தை முழுதாக நம்பாமல், நகைக்கடைத் தராசின் குட்டி போன்ற மின்னணு எடைமானி ஒன்றை வாங்கி அளந்துவிடுங்கள். விலை அதிகமில்லை. உங்கள் சீறலுக்குக் காரணம் இதுவாகவே கூட இருக்கலாம்.

கடைசிப் பாட்டு மட்டும் ஏன் மோசம்? தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், வெளி விளிம்பில் ஊசிக்கடியில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. நடுவில் 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே ஓசையை அங்கே பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். பருத்த முனை அந்த நெருக்கத்துக்குள் இறங்காது. மெல்லிசைத் தட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. நாதஸ்வரத் தட்டைப் போடுங்கள், தெரியும். மேல் ஸ்தாயியில் சீவாளி கிழிகிற ஓசை உள்வட்டத்துக்கு வரும்போது சாதாரண ஊசி தகரத்தைச் சுரண்டுவது போலக் கதறும். எந்த ஊசியை வாங்கினாலும் என்னிடம் அதற்கு முதல் பரீட்சை நாதஸ்வரம், அதுவும் பக்கத்தின் கடைசி உருப்படி.

இங்கேதான் மேம்படுத்துவது பற்றிய பேச்சு வருகிறது. விஎம்95 வரிசையின் ஊசிகள் எல்லாம் ஒரே உடலில் பொருந்தும். பச்சையைக் கழற்றிய இடத்தில் சிவப்பு நிற விஎம்என்95எம்எல்-ஐச் செருகலாம். அது மைக்ரோலீனியர் முனை, பட்டை தீட்டிய விளிம்பு மிக மெல்லியது. நிறுவனம் சொல்லும் ஆயுள் 1000 மணி நேரம். பழுப்பு நிறத்தில் ஷிபாட்டா முனையும் உண்டு. 1970களில் ஜப்பானின் ஜேவிசி நிறுவனத்தில் நான்கு ஒலித்தடத் தட்டுகளுக்காகப் பிறந்த வடிவம் அது. நான் வாங்கியது சிவப்பு. இருநூறு வெள்ளிக்குச் சற்று மேல் ஆயிற்று, வீட்டில் கணக்கு கேட்டார்கள். பச்சையைப்போல் மூன்று மடங்கு உழைக்கும் என்பதைச் சொல்லித் தப்பித்தேன். ஆனால் மாட்டிய அன்று இரவு நாதஸ்வரத் தட்டின் கடைசி ஐந்து நிமிடத்தில் தவில்காரர் விரல்கூடு தனியாகவும் கோல் தனியாகவும் கேட்டன. அதுவரை அந்த இடத்தில் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது வெறும் இரைச்சல்.

இரண்டாம் கைத் தட்டுகளுக்கு இந்த மெல்லிய முனையில் இன்னொரு லாபம் உண்டு. முன்னால் ஓடிய பருத்த ஊசிகள் தொடாத இடத்தைப் பள்ளத்தில் இது தொடும். அதே காரணத்தால், அவை தொடாத அழுக்கையும் தொடும். ஊசிக்கு நூறு கொடுத்தால் தட்டு கழுவப் பத்தாவது கொடுங்கள்.

ஆர்டோஃபோன் 2எம் சிவப்பு வைத்திருக்கும் நண்பர்களுக்கும் இதே கதைதான். அதே உடலில் நீல ஊசி பொருந்தும். பெட்டி வடிவில் ஒலிபெருக்கியோடு வரும் மலிவு இயந்திரங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவற்றின் செராமிக் கேட்ரிஜ் ஐந்து கிராம் அளவில் அழுத்தும். ஊசி மாற்றலாம், மேம்படுத்த முடியாது.

போலி ஊசிகளைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். உறை அசல் போலவே இருந்தது. முன்னாலிருந்து பார்த்தபோது குழாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, குடித்துவிட்டு நிற்பவன் மாதிரி. விற்றவரிடம் கேட்டதற்கு, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. ஓட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

தாத்தாவின் தட்டுகள் என்றீர்களே, அதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. அந்தத் தட்டுகளுக்குள் கனமான, தட்டினால் பீங்கான் ஓசை வரும், ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள தட்டுகள் இருக்கின்றனவா? அவை 78 வேகத்து, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும், அரக்குத் தட்டுகள். அவற்றின் பள்ளம் பல மடங்கு அகலம். எல்பி எனப்படும் 33 வேகத்து நெடுந்தட்டுக்கான ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். அரக்குத் தட்டுக்கு வேண்டியது சுமார் 75. உங்கள் ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் புரண்டு வரும். பாட்டை விட இரைச்சல்தான் மிஞ்சும். உங்கள் இயந்திரத்தில் 78 வேகம் இருந்தால், இதே உடலுக்கு விஎம்என்95எஸ்பி என்ற ஊசி தனியாகக் கிடைக்கிறது. அதற்குப் பாரம் 5 கிராம் அளவு. மாற்றும்போதெல்லாம் பாரத்தையும் மாற்ற வேண்டும். மறந்து அதே பாரத்தில் எல்பியைப் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, எல்பி கழுவும் ஆல்கஹால் கலந்த திரவத்தை அரக்குத் தட்டில் ஊற்றவே கூடாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.

அப்படியானால் கேட்ரிஜை எப்போதுதான் மாற்றுவது? ஒலி ஒரு பக்கம் அடியோடு நின்று, கம்பிகளும் சரியாக இருந்தால். அல்லது ஊசி தயாரிப்பே நின்றுபோன பழைய வகையாக இருந்தால். ஷூர் 2018-இல் இந்தத் தொழிலை விட்டுவிட்டது. இன்று அந்தக் கேட்ரிஜ்களை வைத்திருப்பவர்கள் ஜிகோ போன்ற ஜப்பானியத் தயாரிப்பாளரின் மாற்று ஊசிகளைத்தான் தேடுகிறார்கள். ஆசைக்காக மாற்றுபவர்கள், காந்தத்துக்குப் பதில் சுருளே ஆடும் மூவிங் காயில் வகையின் பக்கம் போவார்கள். டெனான் டிஎல்-103 அதில் தாத்தா. ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேவுக்காக 1962-இல் உருவாகி இன்றும் விற்பனையில் இருக்கிறது. அருமையான ஒலி. ஆனால் அதன் வெளியீடு 0.3 மில்லிவோல்ட், உங்களுடையது 4. அதை ஏற்றிக் கொடுக்க வேறு ஃபோனோ முன்பெருக்கி வேண்டும், டர்ன்டேபிளில் கனமான கையும் வேண்டும். ஊசி தேய்ந்தால் நீங்களே கழற்றி மாட்டவும் முடியாது. இரண்டாவது ஆண்டில் அந்தக் குழியில் விழ வேண்டாம் என்பது என் கருத்து; விழுந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

என்றாவது உடலையும் மாற்ற நேர்ந்தால்: ஊசியை முதலில் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். திருப்புளி நழுவினால் சாவது ஊசிதான். நான்கு கம்பிகளில் வெள்ளை இடது, நீலம் இடதின் எதிர்முனை, சிவப்பு வலது, பச்சை வலதின் எதிர்முனை. இடுக்கியால் அசைத்து அசைத்து இழுங்கள், கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். கேட்ரிஜின் முள்ளில் நேராகப் பற்றவைப்பு கூடாது, உள்ளே இருக்கும் சுருள் வெந்துவிடும். பிறகு கோணமானி அட்டையில் இரண்டு புள்ளிகளிலும் கேட்ரிஜ் நேராக நிற்கும் வரை நகர்த்தித் திருகாணியை இறுக்க வேண்டும். எனக்கு முதல் முறை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. ஊசியை மட்டும் மாற்றினால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, பாரத்தைச் சரிபார்த்தால் போதும்.

வாங்குவதற்கு, கோல்மன் ஸ்திரீட்டில் அடெல்ஃபி கட்டடத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஒலிக்கருவிக் கடைகள் மாடி மாடியாக இருக்கும். ஊசியின் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'ஊசி மட்டும்' என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பேச்சு முழுக் கேட்ரிஜுக்கும் அங்கிருந்து புது டர்ன்டேபிளுக்கும் நகர்ந்துவிடும்.

புது ஊசி வந்ததும், தாத்தாவின் தட்டை உடனே போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் கிடந்த தட்டு என்றால் பள்ளத்தில் பூஞ்சை இருக்கும். காய்ச்சி வடித்த நீரில் கழுவி உலர்த்திவிட்டு, முதலில் நல்ல நிலையில் உள்ள வேறொரு தட்டின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அது சீறாமல் ஓடி, தாத்தாவின் தட்டு மட்டும் சீறினால், அந்தப் பள்ளத்தை யாரோ எப்போதோ உரசித் தீர்த்துவிட்டார்கள் என்று பொருள். நாணயம் ஒட்டிய ரேடியோகிராம் ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.