பெருநாளுக்குப் பிறகு

அன்புள்ள ஐயா, அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு வயது 24. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. நோன்பு மாதம் முழுக்கப் பகலில் சிகரெட்டைத் தொடவில்லை. தராவீஹ் என்னும் நோன்பு மாத இரவுத் தொழுகையையும் விடவில்லை. இனி சிகரெட் இல்லை, கைப்பேசி கேம் இல்லை, தினமும் தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை), குர்ஆனில் ஒரு ஜுஸ்உ (முப்பதில் ஒரு பாகம்) ஓதல் என்று பெருநாள் இரவு நிய்யத் (உறுதி) வைத்தேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது சுபுஹு என்னும் அதிகாலைத் தொழுகையும் நேரம் தவறிக் களாவாகிறது. அம்மா எழுப்பி எழுப்பி ஓய்ந்துவிட்டார். நான் முனாஃபிக்கா (நயவஞ்சகனா)?

(பெயர் வேண்டாம்)

வ அலைக்குமுஸ் ஸலாம், தம்பி.

அந்தப் பட்டத்தை நீங்களே உங்களுக்குச் சூட்டிக்கொள்ளாதீர்கள். தவறியதும் மனம் குத்துகிறதே, அது பெரிய விஷயம். குர்ஆனின் 75-ஆம் அத்தியாயத்தில் மறுமை நாளின் மீது சத்தியம் செய்த அல்லாஹ், அடுத்த வசனத்திலேயே தன்னைத் தானே நிந்திக்கும் ஆன்மாவின் மீது சத்தியம் செய்கிறான். அந்தக் குத்தல் நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும்.

நோன்பு மாதத்தில் மட்டும் எப்படி முடிந்தது என்று யோசித்தீர்களா? விடியலிலிருந்து சூரியன் மறையும் மக்ரிப் வரை 13 மணி நேரத்துக்கு மேல் சிகரெட் இல்லாமல் இருந்தது நீங்கள்தான். ஆனால் தனியாக இல்லை. விடியலுக்கு முந்தைய சஹர் உணவுக்கு வீடே எழுந்தது, ஆலையில் கூட வேலை செய்பவரும் நோன்பு வைத்திருந்தார், இரவுத் தொழுகையான இஷா முடிந்ததும் கால் தானாகப் பள்ளிவாசல் பக்கம் போனது. பெருநாள் முடிந்ததும் அதெல்லாம் கலைந்துவிட்டது. இப்போது இஷாவுக்குப் பிறகு எங்கே போகிறீர்கள்? மாமாக் சாப்பாட்டுக் கடைக்குத்தானே? 2019-இலிருந்து கடைக்குள் புகைக்கத் தடை என்பதால் கால்வாயைத் தாண்டி ரோட்டோரம் நாலு பேர் நிற்பார்கள். தே தாரிக் டீ ஆறுவதற்குள் நீங்களும் அங்கே போய்விடுவீர்கள். அப்புறம் கேம், அப்புறம் இரவு இரண்டு மணி. சுபுஹு தவறுவது ஆறு மணிக்கு அல்ல, அந்த ரோட்டோரத்தில்தான்.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிடத் துடித்தீர்களே, அதிலும் நப்ஸுக்கு (மன இச்சைக்கு) பங்கு உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரிதாக நிய்யத் வைக்கச் சொல்லும், அது உடைந்ததும் ‘உன்னால் ஆகாது’ என்று உட்கார வைத்துவிடும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யும் அமலே (நற்செயலே) அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்று நபி (ஸல்) சொன்னது புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. ஆகவே தஹஜ்ஜுத் இப்போதைக்கு இருக்கட்டும். கடமையான சுபுஹைப் பிடியுங்கள். இஷா தொழுததும் நேராக வீடு, கைப்பேசி அம்மாவின் அறையில்.

சிகரெட் ஹராம் என்று மலேசியாவின் தேசிய ஃபத்வாக் குழு 1995-இலேயே முடிவு சொல்லிவிட்டது. உங்களுக்கும் அது தெரியும், தெரியாமல் யாரும் புகைப்பதில்லை. மன உறுதி மட்டும் போதும் என்று இருக்காதீர்கள், உடம்பு பழகிவிட்டது. புகைப்பதை நிறுத்த அரசாங்கக் கிளினிக்கில் உதவி கிடைக்கும், வெட்கப்படாமல் போங்கள்.

நபி (ஸல்) திங்களும் வியாழனும் நோன்பு வைத்தார்கள். பகல் ஷிப்ட் வரும் வாரத்தில் வியாழன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் கூட நோன்பு வைத்தாரே, அவரையும் கூப்பிடுங்கள். நடுவில் சறுக்கினால் ஒளூ செய்து (கை, முகம், கால் கழுவி) இரண்டு ரக்அத் தொழுது தவ்பா (பாவமன்னிப்பு) கேளுங்கள், அடுத்த வியாழன் மறுபடியும் வையுங்கள். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சஹருக்கு எழுப்பச் சொன்னால் எந்தத் தாயும் ஓயமாட்டார்.